யாழ்ப்பாணத்தில் இணைய உருவாக்கம் படிப்போருக்கு: முதல் அரையாண்டிலிருந்து முதல் வேலை வரை

இணையத்தள உருவாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணத்தோடு யாழ்ப்பாணத்தில் உயர்கல்விக்குள் நுழையும் மாணவர்களுக்காக இதனை எழுதுகிறேன். பயிலுநர்களைத் தெரிவு செய்யும் நேர்முகத் தேர்வுகளில் கேள்வி கேட்பவனாகச் சில ஆண்டுகள் இருந்து வருகிறேன். வருகின்ற பலருடைய சுயவிபரக் கோவையில் பத்துப் பன்னிரண்டு தொழில்நுட்பங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு படிவத்தில் "சமர்ப்பி" என்ற பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து அந்தத் தகவல் தரவுத்தளத்தில் போய்ச் சேரும் வரை என்னென்ன நடக்கின்றன என்று கேட்டால், அந்தப் பெயர்களுள் எதுவும் அவர்களுக்குக் கைகொடுப்பதில்லை. அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். படித்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த ஒழுங்கைச் சரிசெய்து, படிப்பு முடிவதற்குள் ஒரு முழுமையான தளத்தை உண்மையான ஒருவரின் தேவைக்காக, தமிழில் பிழையின்றி இயங்கும்படி செய்து முடிப்பதற்கான வழியையே கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாம் படி: எங்கே படிப்பது

உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும் கைகொடுப்பவர்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானத் துறை உண்டு. கணிதப் பிரிவில் படித்தவர்களுக்குக் கிளிநொச்சியில் உள்ள பொறியியற் பீடம் உண்டு. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள் அத்தோடு வழி அடைபட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கான உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. தேசிய தொழில் தகைமையில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாக்களாகவும் 7ஆம் மட்டம் பட்டமாகவும் கணிக்கப்படுவதால், தொழில்நுட்பக் கல்லூரி வழியாகவும் படியேறிச் செல்லலாம். வேலை செய்துகொண்டோ வீட்டிலிருந்தோ படிக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் பி.ஐ.ரி. எனப்படும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் பொருத்தமானது.

நிறுவனத்தின் பெயரைவிட மூன்று விடயங்களை விசாரித்து அறிவது நல்லது என்பது என் கருத்து. பாடநெறிக்குள் கட்டாயத் தொழிற்பயிற்சிக் காலம் உண்டா? இறுதிச் செயற்றிட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் தன் பங்கைத் தனியே விளக்க வேண்டியிருக்கிறதா? முன்னைய ஆண்டு மாணவர்கள் எங்கே பயிற்சிக்குச் சென்றார்கள்? இவற்றை விளம்பரத் தாளில் தேடாமல், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் படிக்கும் ஓர் அண்ணாவையோ அக்காவையோ நேரில் கண்டு கேட்பதே சிறந்தது.

ஆங்கிலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விரிவுரைகளும் தொழில்நுட்ப ஆவணங்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பாடசாலையில் தமிழ்மொழியில் படித்து வந்தவர்கள் முதல் அரையாண்டில் இதனால் மனந்தளர்ந்து போவதைக் கண்டிருக்கிறேன். நாளொன்றுக்கு இரண்டு பக்கம் ஆவணத்தை அகராதியுடன் வாசித்து, வாசித்ததைத் தமிழில் ஒரு பத்தியாகக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். தன் மொழியில் சொல்ல முடிந்தது மட்டுமே விளங்கியது.

இரண்டாம் படி: ஒரு பக்கம் எப்படி வந்து சேருகிறது

ரிம் பேர்னர்ஸ் லீ 1989இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்த வலையின் முதற் பக்கம் மிக எளிமையானது. அதனை இன்றைய உலாவியும் தடையின்றித் திறந்து காட்டும். ஆனால் 2010இல் வெளிவந்து உலகமெங்கும் பரவிய அங்குலர்ஜேஎஸ் என்ற பிறேம்வேர்க்குக்கான (தளங்களை விரைவாகக் கட்ட உதவும் ஆயத்த நிரல் சட்டகத்துக்கான) ஆதரவு 2022 ஜனவரியோடு நின்றுபோயிற்று. கல்லூரிக் காலத்தின் முதல் உழைப்பை எதில் இடவேண்டும் என்பதற்கு இந்த ஒப்பீடே எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது.

ஆகவே முதல் அரையாண்டில் ஒரு நாளை ஒதுக்கி, உலாவியில் எப் 12 விசையை அழுத்தி, உருவாக்குநர் கருவிகளில் வலையமைப்புப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு செய்தித் தளத்தைத் திறவுங்கள். ஒரு பக்கத்துக்காக எத்தனை கோரிக்கைகள் போகின்றன, எந்தப் படம் அதிக நேரம் எடுக்கிறது, எதற்கு 200 என்று, சரியாகக் கிடைத்ததைச் சொல்லும் பதில் வருகிறது, எது 301 என்று வேறு முகவரிக்குத் திருப்பப்படுகிறது, எது 404 என்று காணாமற் போகிறது என்பதை வரிக்கு வரி எழுதுங்கள். பெயரை இலக்க முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்., உலாவிக்கும் பக்கத்தை வைத்திருந்து அனுப்பும் கணினியான சேர்வருக்கும் இடையில் நடக்கும் எச்.ரி.ரி.பி. உரையாடல், அது மறைகுறியாக்கப்படும் விதம் ஆகிய மூன்றும் அந்த ஒரு நாளில் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி உங்கள் கண்முன் வந்து நிற்கும்.

அடுத்து, பக்கத்தின் உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்தும் எச்.ரி.எம்.எல்., அதன் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். ஆகிய இரண்டை மட்டும் கொண்டு, எந்த வார்ப்புருவையும் இறக்காமல், கையால் ஒரு பக்கம் எழுதுங்கள். நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவ அட்டவணை. 25 நாட்கள், ஒவ்வொரு நாளுக்கும் திகதி, திருவிழாவின் பெயர், நேரம். பெரிய திரையில் அட்டவணையாகவும், வீதியில் நிற்பவரின் கைபேசியில் நாளுக்கொரு பெட்டியாகவும் அது தோன்ற வேண்டும். இன்றைய நாள் தனித்துத் தெரிய வேண்டும். தேர், தீர்த்தம் போன்ற நாட்கள் நிறத்தால் மட்டுமன்றிச் சொல்லாலும் அடையாளப்பட வேண்டும், ஏனெனில் நிறம் பிரித்தறிய இயலாதவர்களும் அதனைப் பார்ப்பார்கள். சிறிய பக்கம்தான். ஆனால் தலைப்பு, அட்டவணை, பட்டியல் ஆகியவற்றுக்கு உரிய குறிகளை உரிய இடத்தில் இடுவதையும், திரை அகலத்துக்கு ஏற்ப அமைப்பை மாற்றுவதையும் இதனைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: ஜாவாஸ்கிரிப்ற்

பக்கத்தை உலாவிக்குள் இயங்க வைக்கும் மொழி இது; 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரென்டன் ஐக் மிகக் குறுகிய நாட்களில் உருவாக்கியது. அதன் விசித்திரங்கள் சில அந்த அவசரத்தின் சுவடுகள். மாறிகள், செயற்கூறுகள், அணிகள், நிகழ்வுகள் என்று ஒழுங்காகச் செல்லுங்கள். சேர்வரின் பதிலுக்காகக் காத்திராமல் நிரல் தொடர்ந்து ஓடும் ஒத்திசையா முறையில் மட்டும் இரண்டு வாரமாவது நின்று நிதானியுங்கள். நேர்முகத் தேர்வில் மாணவர்கள் இடறும் இடம் பெரும்பாலும் அதுவே. அட்டவணைப் பக்கத்தில் இருக்கும் 25 நாட்களையும் ஒரு தனிக் கோப்பிலிருந்து எடுத்து வந்து காட்டும்படி மாற்றினால் போதுமான பயிற்சி கிடைத்துவிடும்.

நான்காம் படி: தமிழ் எழுத்தைக் கணினி எப்படி எண்ணுகிறது

எந்தப் பாடவிதானத்திலும் இதற்குரிய இடம் கொடுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் நமது மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய வேலை இதில்தான் இருக்கிறது. ஆதலால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய மாணவர் சங்கத்துக்காக அங்கத்தவர் பதிவுத் தளம் ஒன்றைச் செய்தேன். மாவட்டத்தின் பெயரைச் சேமிக்கும் தரவுத்தள நிரலுக்கு (அட்டவணையில் மேலிருந்து கீழாகச் செல்லும் பகுதிக்கு) எவ்வளவு நீளம் வேண்டும் என்று கண்ணால் எண்ணினேன். யாழ்ப்பாணம் ஆறு எழுத்து, முல்லைத்தீவும் ஆறு, கிளிநொச்சி ஐந்து. பாதுகாப்புக்காகப் பத்து என்று வைத்தேன். தளம் இயங்கத் தொடங்கி இரண்டு வாரம் கழித்துச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கத்தவர் பட்டியலை அச்செடுத்துச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொண்டு வந்தார். மன்னாரும் வவுனியாவும் சரியாக இருந்தன. யாழ்ப்பாணம் தன் கடைசிப் புள்ளியை இழந்து "யாழ்ப்பாணம" என்று நின்றது. முல்லைத்தீவு "முல்லைத்தீ" ஆகியிருந்தது. அந்த ஊர்ப் பெயரை அப்படி அச்சில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வேதனையை இன்னும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். எழுத்துக்களுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோட்டில் "யா" என்பது ஒரே குறியன்று. "ய" என்ற எழுத்துக்கு ஒரு குறியும் கால் அடையாளத்துக்கு இன்னொரு குறியுமாக இரண்டு. "ழ்" என்பதும் "ழ" ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. அவ்வாறு எண்ணினால் யாழ்ப்பாணம் 11 குறிகள், முல்லைத்தீவு 12 குறிகள். பத்தில் வெட்டியதால் முதலாவதில் புள்ளி போயிற்று, இரண்டாவதில் "வு" முழுவதும் போயிற்று. அன்றைய தரவுத்தளம் கண்டிப்பற்ற முறையில் அமைக்கப்பட்டிருந்ததால் பிழை எதுவும் காட்டாமல் மௌனமாக வெட்டிவிட்டது. அந்தக் குறிகளைக் கணினியில் சேமிக்கும் யூ.ரி.எப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைற்றுக்களை எடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், யாழ்ப்பாணம் என்ற சொல் 33 பைற்று.

அந்தப் பட்டியலில் கிளிநொச்சியும் ஓரிடத்தில் மட்டும் "கிளிநொச்ச" என்று வெட்டுப்பட்டிருந்தது. ஏனைய இடங்களில் சரியாக இருந்தது. அதற்கான காரணத்தைக் கண்டறிய எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. "நொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் வகையில் அந்தச் சொல் 10 குறி, இரண்டாவது வகையில் 11. அந்த அங்கத்தவரின் விசைப்பலகை இரண்டாவது வகையில் எழுதியிருந்தது. இதே காரணத்தால் தேடுதலும் பிழைக்கும்: ஒருவர் ஒரு வகையில் "கொழும்பு" என்று சேமித்து, மற்றவர் வேறு வகையில் தேடினால், தளம் "எதுவும் இல்லை" என்று சொல்லும். சேமிப்பதற்கு முன்னும் தேடுவதற்கு முன்னும் எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கச் செயற்கூறு ஜாவாஸ்கிரிப்ற்றிலேயே இருக்கிறது. ஒரு வரியில் முடியும் வேலை. கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்களை எண்ண வேண்டுமானால், நீளத்தைக் கேட்காமல், எழுத்துக்களைப் பிரித்துத் தரும் செக்மென்ரர் என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

இவற்றோடு சில சிறு விடயங்களும் உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று தொடக்கக் குறியிலேயே அறிவியுங்கள். திரைவாசிப்பான் சரியான குரலில் வாசிக்க அது வேண்டும். வரி இடைவெளியைத் தாராளமாக வையுங்கள். இல்லாவிட்டால் "தீ"யின் மேற்சுழியும் "மு"வின் கீழ்க்கோடும் பொத்தானின் விளிம்பில் வெட்டுப்படும். "சமர்ப்பிக்கவும்" என்ற சொல் ஆங்கிலத்தில் எழுதுவதைவிட இருமடங்கு இடம் பிடிக்கும் என்பதால் பொத்தான்களுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். அலுவலகங்களில் இன்றும் கிடக்கும் பாமினி எழுத்துருவிலான பழைய கோப்புகளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக்களின் குவியலே வரும். முதலில் யூனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

நாட்டின் அரச தளங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் இயங்க வேண்டியவை. தமிழ்ப் பக்கம் மட்டும் உடைந்து கிடப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் தளமும் இந்தச் சிக்கல்களை எல்லாம் கடந்து வந்தவை. அவற்றை வெறும் வாசகராகப் பாராமல், எப் 12ஐ அழுத்தி உருவாக்குநராகப் பாருங்கள்.

ஐந்தாம் படி: தரவுத்தளமும் சேர்வரும்

இங்கே கல்லூரி உங்களுக்கு உண்மையாகவே உதவும். ஒரே தகவல் பல இடங்களில் வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பது, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல். மொழியில் வினவல் எழுதுவது ஆகியன பரீட்சைக்காகப் படித்தாலும் வேலையில் நாள்தோறும் பயன்படுபவை. ஆகவே அந்த விரிவுரைகளைத் தவறவிடாதீர்கள். சேர்வரில் ஓடும் நிரலை எழுதப் பி.எச்.பி.யோ, நோடோ, பைதனோ ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்து அதிலேயே நில்லுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்தினால் எழுத்துக்குறித் தொகுதியை யூ.ரி.எப். 8 எம்.பி. 4 என்று முதல் நாளே அமையுங்கள்; பிந்தி மாற்றப் போனால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிக் கிடக்கும் தரவோடு போராட வேண்டிவரும்.

கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் பிகிரிப்ற் போன்ற முறையில், திரும்பப் பெற முடியாதபடி மாற்றிச் சேமிப்பதும், பயனர் எழுதியதை வினவலோடு நேராக ஒட்டாமல் தனி மதிப்பாக, அதாவது அளவுருவாக, அனுப்புவதும் கட்டாயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறையாவது வாசியுங்கள். அடையாள அட்டை இலக்கத்தைத் தேவையின்றிக் கேட்கும் படிவத்தை எழுதுமுன் அது உங்களை யோசிக்க வைக்கும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். ரொறன்ரோவில் இருந்து ஊர்க் கோயில் அர்ச்சனைக்குப் பதிவு செய்பவர் வெள்ளி இரவு 9 மணிக்குப் பொத்தானை அழுத்தும்போது, இங்கே சனி காலை: அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30, கோடையில் 6.30. சேமிப்பதை உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் இடத்துக்கேற்ப மாற்றுங்கள். நமது வாடிக்கையாளர்களில் பலர் கடல்கடந்து வாழ்பவர்கள் என்பதால், இந்தப் பிழை இங்கே மற்ற இடங்களைவிட விரைவில் வெளிப்படும்.

ஆறாம் படி: கிற்

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க லினஸ் ரோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிற் கருவியை முதல் அரையாண்டிலேயே பழகுங்கள். ஒவ்வொரு நாள் வேலையையும், என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்ற ஒரு வரியோடு பதியுங்கள். கடைசி இரவில் ஒரே பதிவாக முழுச் செயற்றிட்டத்தையும் ஏற்றியவரின், கிற் பதிவுகளை இணையத்தில் வைக்கும் கிற்ஹப் தளப் பக்கத்தில், அவர் எப்படி யோசித்தார் என்பதைக் காண எனக்கு எதுவும் இருப்பதில்லை.

ஏழாம் படி: பிறேம்வேர்க்

இவ்வளவும் முடிந்த பின்னரே ரியாக்ற்றோ லாரவெல்லோ தொடங்குங்கள், ஒன்று போதும். நகர எல்லைக்குள் கிடைக்கும் பயிற்சி வேலைகள் எதைக் கேட்கின்றன என்று பார்த்துத் தெரிவு செய்யலாம். அடிப்படை உறுதியாக இருந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சில வாரங்களே பிடிக்கும்.

நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். பயன்படுத்துங்கள், ஆனால் வாய்மொழிப் பரீட்சையில் வரிக்கு வரி விளக்க முடியாத எதனையும் சமர்ப்பிக்காதீர்கள். முன்பு சொன்ன மாவட்ட நிரலுக்கு நீளம் கேட்டால், அந்தக் கருவி ஓர் எண்ணைத் தந்துவிடும். அந்த எண் முல்லைத்தீவுக்குப் போதுமா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

எட்டாம் படி: இறுதிச் செயற்றிட்டம்

நூலக முகாமைத்துவம், மாணவர் வருகைப் பதிவு என்று ஆண்டுதோறும் கைமாறும் தலைப்புகளை விட்டுவிடுங்கள். உங்கள் ஊரிலேயே ஒருவரைத் தேடுங்கள்: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், பனைசார் பொருட்கள் விற்கும் கடை, சனசமூக நிலையம், கடற்றொழிலாளர் சங்கம். உடனே கணினியைத் திறவாமல், ஒரு முழுக் காலைப்பொழுது அங்கே உட்கார்ந்து, அவர்கள் கொப்பியில் எதை எழுதுகிறார்கள், எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள், எந்த இடத்தில் கணக்குப் பிழைக்கிறது என்று பாருங்கள். ஒரு மாணவி பனங்கட்டி விற்கும் சிறிய கடையொன்றுக்காகத் தளம் செய்தபோது, கடன் வாங்குபவர்களைப் பெயரால் அன்றி "வளவுக்கார அம்மா", "சந்திக் கடை அண்ணை" என்றே கொப்பியில் எழுதியிருப்பதைக் கண்டு, பெயர் நிரலோடு "அழைக்கும் பெயர்" என்ற நிரலையும் சேர்த்தார். கடைக்காரம்மா அந்தத் தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தியதற்கு அந்த ஒரு நிரலே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செய்து முடித்ததும் சொந்தப் பெயர்வெளியில், அதாவது உங்களுக்கெனப் பதிந்த இணைய முகவரியில், ஏற்றுங்கள். "இலங்கை" என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் 2010 முதல் உண்டு. தமிழ் முகவரியில் ஒரு தளத்தை நிறுவிப் பார்த்தவர் டி.என்.எஸ். பற்றி நேர்முகத் தேர்வில் தயங்கமாட்டார். பின்னர் விலை குறைந்த ஒரு கைபேசியில், வைபையை நிறுத்திவிட்டு, பஸ் நிலையத்தில் நின்று அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். மெதுவாக வந்தால், படங்களின் அளவைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்பதாம் படி: பயிற்சியும் முதல் வேலையும்

யாழ் ஐ.ரி. ஹப் நடத்தும் யாழ் கீக் சலெஞ்ச் போன்ற போட்டிகளில் ஒருமுறையாவது கலந்துகொள்ளுங்கள். பரிசைவிட, அங்கே நடுவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வருபவர்களின் அறிமுகமே பெரிது. சுயவிபரக் கோவையை ஒரு பக்கத்துக்குள் அடக்கி, இயங்கும் தளத்தின் முகவரியை மேலேயே இடுங்கள். தொழில்நுட்பப் பெயர்களில், பத்து நிமிடம் பேசத் தெரியாதவற்றை நீக்கிவிடுங்கள்.

நேர்முகத் தேர்வில் நான் வழக்கமாகக் கேட்பது, நீங்கள் செய்த தளத்தில் உங்களை அதிகம் வருத்திய பிழை எது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான். அந்தக் கேள்விக்கான பதிலை ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசும்படி, நண்பர் ஒருவரை எதிரே இருத்திப் பழகிக்கொள்ளுங்கள். கொழும்புக்குப் போவதா, இங்கேயே ஒரு நிறுவனத்தில் சேர்வதா, வீட்டிலிருந்து வெளிநாட்டுக்கு வேலை செய்வதா என்ற கேள்விக்கு, முதல் ஆண்டிலாவது உங்கள் நிரலை நாள்தோறும் வாசித்துத் திருத்தும் ஒரு மூத்தவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள் என்பதே என் பதில். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

பயிற்சியின் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒரு சிறிய பிழையைத் திருத்தத் தருவார்கள். உடனே நிரலில் கை வைக்காதீர்கள். அந்தப் பிழையை மீண்டும் உண்டாக்கும் படிகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பக்கம், என்ன உள்ளீடு, என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது. திருத்திய பின் அதே படிகளை மீண்டும் செய்து பாருங்கள். உள்ளீட்டில் ஒரு தடவை "முல்லைத்தீவு" என்றும் எழுதிப் பாருங்கள்.